பச்சை ஒயர்

14 ஜூன் 2025, சனி

கீழே டைல்ஸ் வேலை முடிந்தது. இனி இரண்டு கார் தாராளமாக நிற்கும். மாடியில் குடியிருக்கும் காலேப்பிடம் பைக்தான் இருக்கிறது, அதனால் ஒரு இடத்தை வெளியாளுக்கு விடலாம். ரிடையரான பிறகும் வீட்டுக்கடன் என்னை விடுவதாக இல்லை; வருகிறதை ஏன் விட வேண்டும்?

காம்பவுண்டு ஓரத்தில் எர்த் குழி இடைஞ்சலாக இருந்தது. கொத்தனார் கூப்பிட்டுக் காட்டினார். “பச்சை ஒயரு ஒண்ணு மேல போவுது சார். இன்னா பண்றது?” வெட்டிவிட்டு மூடச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் ஏசுபாதத்திடம் சொல்லி வேறு இடத்தில் குழி போட்டுக்கொள்ளலாம். லைட், ஃபேன் எல்லாம் எப்போதும்போல ஓடுகின்றன. அவசரமில்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

காலேப்பின் மனைவி பியூலா சர்ச்சுக்குப் போகிற வழியில் நின்று சொன்னாள். “அங்கிள், வாஷிங் மெஷினைத் தொட்டா ஜிவ்வுனு இழுக்குது.” ஈரக் கையோடு தொட்டால் அப்படித்தான் இருக்கும் என்றேன். பள்ளிக்கூட டீச்சர். சிரித்துவிட்டுப் போனாள்.

11 ஆகஸ்ட்

ஏசுபாதம் போனை எடுக்கவில்லை.

24 ஆகஸ்ட், ஞாயிறு

இப்போது ஃப்ரிட்ஜும் இழுக்கிறதாம். ஏசுபாதம் வந்து பார்த்தார். “எர்த்தே இல்ல தோத்தாத்ரி சார். கரண்ட்டு லீக்கானா மண்ணுல எறங்க வழியில்ல. டைல்ஸ ஒடைச்சு புதுசா குழி எடுத்தாத்தான் ஆவும்.” போட்டு மூன்று மாதம்கூட ஆகாத டைல்ஸ். தீபாவளி கழியட்டும் என்று அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் தாம்பரம் மார்க்கெட்டில் மூன்று ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினேன். அவர்கள் குழந்தை கெசியாவுக்கு ரோஸ் கலர். வீட்டுக்குள் போட்டுக்கொண்டால் ஷாக் அடிக்காது என்று சொல்லிக் கொடுத்தேன். பியூலா தேங்க்ஸ் சொன்னாள்.

என் மனைவி ரமாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “ஏன்னா, செருப்பு வாங்கித் தர அளவுக்கு பயம் இருக்குன்னா, அந்த ஒயரைப் போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?” பயமெல்லாம் ஒன்றும் இல்லை என்றேன். இன்றைக்கு நான் செய்ததில் என்ன தப்பு?

26 அக்டோபர், ஞாயிறு

தீபாவளி போய்விட்டது, மழை பிடித்துக்கொண்டது. மழையில் யார் குழி தோண்டுவார்கள்? ஜனவரியில் பார்க்கலாம்.

கெசியாவுக்குச் சளி விடவில்லை, வெந்நீருக்கு கீசர் மாட்டித் தர முடியுமா என்று பியூலா கேட்டாள். ஒன்று முடிந்தால் இன்னொன்று. அடுத்த வருஷம் என்றேன்.

27 நவம்பர், வியாழன்

பியூலா செத்துப்போயிட்டா.

காலை ஆறரைக்கு கெசியா கத்துகிற சத்தம். ஓடினேன். வாளியில் ஹீட்டர் ராடு. ஒரு கை வாளித் தண்ணீரில், ஒரு கை குழாயில். மெயினை நான்தான் அணைத்தேன். காலேப் நைட் ஷிஃப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்.

அவ கால்ல செருப்பு இருந்தது. நான் வாங்கிக் குடுத்த செருப்பு.

29 நவம்பர், சனி

அடக்கம் முடிந்தது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்தவர், வீட்டு ஒயரிங் எப்படி என்று கேட்டார். “எல்லாம் சரியா இருக்கு சார்” என்றேன். மட்டமான ஹீட்டர், விபத்து என்று எழுதிக்கொண்டார்.

கல்லறையில் காலேப் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நான்தான் சார் கொன்னுட்டேன். படப்பைல ரோட்டோரக் கடையில நான்தான் அந்த ஹீட்டரை வாங்கினேன்.” நான் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தேன். தட்டிக் கொடுத்தேன் — என்ன மனுஷன் நான்?

7 டிசம்பர், ஞாயிறு

ஏசுபாதம் தானாகவே வந்தார். “ஹீட்டர்ல லீக்கு இருந்தது நெசம்தான். கரண்ட்டு கை வழியா குழாய்க்குப் போயிருக்கு, செருப்பு இன்னா பண்ணும்? ஆனா எர்த் இருந்திருந்தா ஃப்யூஸ் போயிருக்கும். அந்தப் பொண்ணு பொழச்சிருக்கும் சார்.” வெளியே சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

டைல்ஸை உடைத்து, குழி எடுத்து, பச்சை ஒயரை இழுத்து மாட்டினார். அரை நாள் வேலை. அரை நாள்தான்.

மகன் அச்சுதன் பெங்களூரிலிருந்து பேசினான். “வாயைத் திறக்காதீங்கோப்பா. அப்புறம் அந்த வீட்டுக்கு ஒருத்தனும் வரமாட்டான்.”

21 டிசம்பர், ஞாயிறு

பியூலாவின் அம்மா வந்து கெசியாவை நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். படியில் நின்று சொன்னது எங்கள் வீட்டுக்குள் கேட்டது. “எம் பொண்ணக் கொன்னவன்கிட்ட பிள்ளைய விடமாட்டேன்.” காலேப் குழந்தையின் பெட்டியைக் கீழே இறக்கிக் கொடுத்தார். அந்த அம்மா சொன்னதை அவரும் நம்புகிறார்.

நான் கதவைச் சாத்தினேன்.

25 டிசம்பர்

மாடியில் ஸ்டார் கட்டவில்லை. ரமா சாப்பாடு கொண்டுபோனாள். தட்டு அப்படியே திரும்பி வந்தது.

4 ஜனவரி 2026, ஞாயிறு

காலேப் வீட்டைக் காலி செய்கிறார். “கெசியா போன்லகூட பேச மாட்டேங்கறா சார். ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துட்டு வரேன், அப்புறம் எங்கயாவது போயிடறேன்.” எங்கே என்று கேட்டேன். அவருக்கே தெரியவில்லை.

மத்தியானம் இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். எல்லாம் என் கையெழுத்தில், தேதியோடு இருக்கிறது. ஜூன் 14, ஆகஸ்ட் 3, ஆகஸ்ட் 24, அக்டோபர் 26. நான்கு பக்கத்தின் மூலையையும் மடித்துவிட்டேன். இதைக் காலேப்பிடம் கொடுக்கப்போகிறேன் என்று ரமாவிடம் சொன்னேன். அழுதாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அச்சுதனிடம் சொல்லவில்லை.

நாகர்கோவிலில் அந்த அம்மாவிடம் அவர் இதைக் காட்டட்டும். கெசியா பெரியவளானதும் படிக்கட்டும். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனாலும் சரி, நான் வீட்டில்தான் இருப்பேன்.

மாடியில் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்கிறது. தாம்பரத்தில் அவருக்கு ஐந்தரைக்கு ரயில். அதற்குள் படியேறி இதைக் கொடுத்துவிட வேண்டும்.