கும்பகர்ணனைத் தூக்க ஆளில்லை

4 யூலை, சனி

கச்சான் காற்று. வாயைத் திறந்தால் மணல். அண்ணன் வெளிநாட்டு வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டானாம், குறுந்தகவல். அவனுக்குக் கட்டார், எனக்குக் கிற்றார். அப்பாவின் பாட்டுக் கோஷ்டியில் இனி நான்தான் லீட்.

சந்தோஷம் மத்தியானம் வரைதான். அண்ணன் வாசித்தது மட்டுமில்லை, கு.வின் மறுபக்கத்தைத் தூக்கியதும் அவன்தான். கு. = கும்பகர்ணன். அப்பாவின் பழைய வால்வு அம்ப்ளிஃபயர். எழும்ப நேரமெடுக்கும், எழும்பினால் ஊர் அதிரும், அசைக்க இரண்டு ஆள். சுனாமி எங்கள் வீட்டில் கதவைக்கூட விடவில்லை. கு. மட்டும் வைத்த இடத்தில். கடலுக்கே ஏலாமல் போனதை இவர்கள் கலியாணம் கலியாணமாகத் தூக்கித் திரிந்தார்கள்.

இப்போது அப்பாவுக்கு நாரிப் பிடிப்பு, இடுப்பு நிமிராது. தேங்காய்க்கு மேல் தூக்கக்கூடாதென்று டாக்டர்.

"கொக்கட்டிச்சோலைக் கலியாணத்துக்கு வரல்ல எண்டு சொல்லப்போறன் மனே."

"சின்னப் பெட்டி ஒண்டு எடுப்பமே அப்பா."

"சின்னப் பெட்டியில வாறது பாட்டில்ல, நுளம்புச் சத்தம்."

என் முதல் லீட். அடுத்த ஞாயிறு. புதன்வரை தவணை கேட்டேன். சிரித்தார். தந்தார்.

6, திங்கள்

பரிசோதனைகள்:

கிற்றாரை றேடியோவில் கொழுவினேன். புகை. (அம்மாவுக்கு இன்னும் தெரியாது.)

கோயில் ஒலிபெருக்கிக் குழாய். எதை வாசித்தாலும் மாடு காணாமற்போன அறிவித்தல் மாதிரி.

பிறகு றிஸானா. என் வகுப்பு, காத்தான்குடி. அவளுடைய காக்கா (அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாள்) வாகனங்களுக்குப் பாட்டு செட் பூட்டுகிறவர். வாசலில் நின்ற ஓட்டோவைப் பார்த்ததும் மண்டைக்குள் மின்னல்.

"ஓட்டோ செட்ல கிற்றாரா? புள்ள, ஒனக்கு என்ன, வெயில் பட்டுட்டா?" என்றார் காக்கா.

"காக்கா, நீங்க பேசுற நேரத்துக்கு வயரக் குடுத்திரிக்கலாம்" என்றாள் றிஸானா.

குடுத்தார். ஒரு தட்டு. பின் சீட் அதிர்ந்தது. பக்கத்து வீட்டு ஆடு கயிறோடு ஓடியது. காக்கா சத்தத்தைக் கூட்டினார்.

எப்படி இது முன்னம் ஒருவருக்கும் தோன்றவில்லை? பாட்டரியில் ஓடுவது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், அந்தக் கலியாண வீட்டுப் பக்கம் இன்னும் கறண்டே வரவில்லை. கு.வுக்கென்று ஜெனரேட்டரும் இழுக்க வேண்டும். இதற்கு ஒரு மோட்டார்சைக்கிள் பாட்டரி போதும்!

பழைய வான் ஒன்றில் கழற்றிய அம்ப்ளிஃபயர் ஒன்றைக் காக்கா தந்தார். பாரம், என் இரசாயனவியல் புத்தகம். பிரயோசனம் அதைவிடக் கூட.

8, புதன்

வெப்பம். பிஸ்கட் தகரத்துக்குள் அம்ப்ளிஃபயர், பாட்டரி, ஸ்பீக்கர். நானும் றிஸானாவும் காக்காவும் இரண்டு பின்னேரம் ஈயம் உருக்கியதில் விரலில் மூன்று கொப்புளம்.

அப்பாவிடம் காட்டினால் கேட்க முதலே நுளம்பு என்பார். ஆகவே சதி. தகரம் கு.வின் முதுகுக்குப் பின்னால். கு.வின் சிவப்பு விளக்கு எரிகிறது, சத்தம் பூச்சியம். அப்பா அறைக்குள் படுக்கை. வாசித்தேன்.

"கேட்டியா," உள்ளேயிருந்து குரல். "இதுதான் வால்வு. இந்தச் சூடு வேறெதுலயும் வராது."

"ஓம் அப்பா. ஒருக்கா வந்து பாருங்களன்."

நாரியைப் பிடித்தபடி வந்தார். தகரத்தை ஒரு கையால் தூக்கிக் காட்டினேன். வயரைப் பார்த்தார், கு.வைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடி விழும் என்று நினைத்தேன்.

"இன்னொருக்கா வாசி."

மூன்று பாட்டு கேட்டார். கடைசியில்: "கீழ்ச் சுருதி கொஞ்சம் மெலிவு." ஆனால் கலியாணத்துக்கு வரமாட்டோம் என்று சொல்லப் போகவில்லை. போகவில்லை!!

10, வெள்ளி

தலையில் அடித்துக்கொண்டேன், எங்கள் மடத்தனத்துக்கு. றிஸானாவும் அடித்துக்கொண்டாள்.

அம்மா தகரத்தைத் திறந்து பார்த்து அப்படியே மூடினா.

"படகுத் துறையில ஆமிக்காரன் இதத் திறப்பான்தானே?"

"ஓம்."

"தகரம், பாட்டரி, வயர். நீங்க என்ன கலியாணத்துக்கா போறீங்க?"

சண்டை முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இத்தனை நாள் ஆசையாக நாங்கள் செய்திருப்பது குண்டு மாதிரி ஒரு பெட்டி. கு.வை அவர்களுக்குத் தெரியும், தட்டிப் பார்த்துவிட்டு விடுவார்கள்.

"அப்ப வரல்ல எண்டு சொல்லிரட்டா?" அப்பா, மெதுவாக.

சாப்பிடவில்லை. குசினியில் அம்மாவின் வடைப் பெட்டி, பஸ் நிலையத்தில் அவ விற்கக் கொண்டுபோவது, நாலு பக்கமும் கண்ணாடி. பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மாவும் என் பார்வையைப் பார்த்தா.

"ஒண்ணா, தரமாட்டன்" என்றா. "மறுகா நான் வடைய எதுக்குள்ள வைக்கிற?"

தகரத்துக்குள் என்றேன்.

12, ஞாயிறு. வாவி கடக்கும் பாதைப் படகில் இருந்து

படகு ஆடுகிறது, எழுத்து கோணல்.

துறையில் ஒரு ஆமிக்காரர் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தார். சுற்றி வந்தார். துவக்கைத் தோளில் மாற்றினார். மூக்கைச் சுளித்தார்.

"நங்கி, வடை எங்க?" (நங்கி = சிங்களத்தில் தங்கச்சி.)

"வடை இல்ல, பாட்டு."

"வாசி."

வியர்வையில் விரல் வழுக்க பைலா ஆட்டப் பாட்டில் ஒரு துண்டு வாசித்தேன். வரிசையில் நின்ற மீன்காரர்கள் காலால் தாளம். ஆமிக்காரர் சிரிக்கவில்லை. மற்றவரைக் கூப்பிட்டார். அவரும் குனிந்தார்.

"பெரிய பெட்டி எங்க?"

"நித்திரை" என்றார் அப்பா.

ஆமிக்காரர் கையைக் காட்டினார், போகச் சொல்லி.

13, திங்கள்

விரல் வீக்கம். எழுதாமல் இருக்க ஏலாது.

கோஷ்டியின் மற்ற இருவரும் அக்கரைக்காரர், அங்கே வந்து சேர்ந்தார்கள். பெட்டியைப் பார்த்து வடை கேட்டார்கள். (எல்லாரும் கேட்டார்கள்.) இரண்டாவது பாட்டில் ஒரு இடம் பிழை, அப்பா மட்டும் கண்டார். ஆறாவது பாட்டு, சனம் எழும்பி ஆடுகிறது, சத்தம் மெல்லமெல்லச் செத்தது. பாட்டரி முடிந்தது.

மாப்பிள்ளை, வேட்டியும் தலைப்பாகையுமாக: "என்ட மோட்டார்சைக்கிளக் கழட்டுங்கடா."

கழற்றினார்கள். இன்னும் ஒன்பது பாட்டு!

பின்னேரம் கலியாணப் பொம்பிளையும் மாப்பிள்ளையும் அவர் வீட்டுக்குப் புறப்பட, வண்டி உதைத்ததும் ஓடியது, ஆனால் ஹோர்ன் இல்லை. வயல் வட்டை நடுவே ஒற்றைப் பாதை, முழுக்க மாடு.

"ஹோர்ன் உங்கட பெட்டிக்குள்ள" என்றா பொம்பிளை. "நீங்கதான் அடிக்கணும்."

நான் முன்னால் நடந்து கிற்றாரில் பீம் பீம். மாடுகள் விலகின. பின்னால் கலியாணச் சோடி, அதற்குப் பின்னால் ஊர். என் பக்கத்தில் பெட்டியோடு அப்பா, ஒரு கையால் தூக்கி, மற்றக் கையால் மாடுகளுக்கு வழி காட்டிக்கொண்டு நடந்தார்.