புகார்ச் சீட்டு: மதர்போர்டு மாற்றிய பின் டிஸ்க் திறக்கவில்லை

தேதி 14, செவ்வாய்க்கிழமை. நேரம் காலை 10.40. பெட்டியிலிருந்து கழற்றிய திருகுகள் பதின்மூன்று. மேசைமேல் இருப்பவை பதினொன்று.

சுண்டு,

சித்தப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் சித்தியும் சௌக்கியம், வீட்டில் முடியாமல் கிடப்பது கம்ப்யூட்டர் ஒன்றுதான். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. நீ சித்தியிடம் பேசும்போதெல்லாம் நான் பக்கத்து அறையில்தான் இருக்கிறேன், காது நன்றாகவே கேட்கிறது, இருமல் விட்டுவிட்டது என்பதும் தெரியும், காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டாய் என்பதும் தெரியும். சாப்பிடு. நேற்று சித்தி உன்னிடம் டிஸ்க்கைத் திறக்கிற எண்ணைக் கேட்டபோது, சித்தப்பாவை எழுத்துல தரச் சொல்லுங்க சித்தி, சீட்டு இல்லாம நான் எதையும் தொடமாட்டேன்னு சொன்னாயாம். அதை என்னிடம் சொல்லும்போது அவள் சிரித்த சிரிப்பில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷின் பழுது பார்க்கிற நான், வீட்டிலும் அதே சட்டத்தைப் போட்டேன், ஒப்புக்கொள்கிறேன். அண்ணனும் அண்ணியும் இறந்துபோய், ஏழு வயதில் நீ என் கைக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு. பிள்ளை வளர்க்கத் தெரியாது, புகார்ச் சீட்டு படிக்கத் தெரியும். சைக்கிள் செயின் கழன்றாலும் தேதி, நேரம், எத்தனை தடவை, என்ன ஆச்சு என்று எழுதித் தா என்றேன். வயித்து வலி, நாலு தடவை, காரணம் கணக்குப் பரீட்சை என்று ஒருமுறை எழுதித் தந்தாய். நேர்மையான சீட்டு, லீவு கொடுத்தேன். இப்போது என் முறை.

நடந்தது இது. சித்தி துணிக்கு அளவு வரைகிற மென்பொருள் ஊர்ந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் நீ ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது வாங்கியது, கடையில் முழுசாகப் பூட்டி விற்கிற பெட்டி. போர்டும் புராசஸரும் மாத்தினா போதும், ஒன்றரை மணி நேர வேலை என்றேன். தையல் கூடத்துக்கு இருபத்தாறாம் தேதி அறுபத்தோரு பேட்டர்ன் குடுக்கணும்ங்க, அது முடியட்டும், அப்புறம் பிரிங்க என்றாள் சித்தி. கேட்டேனா? ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதுக்குப் பிரித்தேன். அந்தப் பெட்டியைச் செய்த கம்பெனிக்கு உலகத்தில் வேறு ஆட்களும் போர்டு செய்கிறார்கள் என்ற எண்ணமே கிடையாது போலிருக்கிறது. கரெண்ட் கொடுக்கிற வயரின் முனை அவர்களுடையது மட்டும், வேறு எதிலும் பொருந்தாது, ஆகவே பவர் சப்ளை புதிது. பின்பக்கத் தகடு பெட்டியோடு சேர்ந்தது, அரம் வைத்து ராவினேன். முன்பக்கப் பொத்தானின் வயர் எந்த ஊசியில் போகும் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே இரண்டு ஊசிகளை ஸ்குரூடிரைவரால் தொட்டுத்தான் இப்போது ஆன் செய்கிறேன். ஒன்றரை மணி நேரம் என்றது உண்மைதான், முதல் திருகிலிருந்து இரண்டாவது திருகு வரைக்கும்.

ஆனால் எழுந்துவிட்டது, சுண்டு. காற்றாடி சுற்றியது, சத்தமே இல்லை, நான் சித்தியைக் கூப்பிட்டு வாங்க வந்து பாருங்க என்று மரியாதையெல்லாம் கொடுத்தேன். அவள் வந்து நிற்கவும் திரை நீலமாகி, நாற்பத்தெட்டு இலக்க மீட்பு எண்ணைக் கொடு என்றது. டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதாம், சாவி பழைய போர்டில் இருந்ததாம், போர்டு மாறியதால் என்னைத் திருடன் என்று நினைக்கிறதாம். போர்டை மாற்றும் முன் அந்தப் பூட்டை நிறுத்திவைக்க வேண்டும், கையேட்டில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது, நான் மூன்றாம் பக்கத்திலிருந்து படித்தேன். பழைய போர்டையே திருப்பிப் போடலாமே என்பாய். போடலாம். புராசஸரைத் தூக்கும்போது கை நழுவி அதன் சாக்கெட் மேலேயே விழுந்தது, நாலு ஊசி வளைந்தது, நிமிர்த்தப் போய் இரண்டு முறிந்தது. நகல் எடுத்து வைக்கவில்லையா என்பாய். வைத்தேனே. உன்னையும் சித்தியையும் வருஷக்கணக்காக நகல் எடு நகல் எடு என்று அரித்தவன் வைக்காமல் இருப்பேனா? அதே டிஸ்க்கில், பத்திரம் என்று பெயர் வைத்த ஃபோல்டரில் இருக்கிறது.

அந்த எண் உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. பெட்டி வந்த அன்று கணக்கு தொடங்கச் சொல்லித் திரை கேட்டது, நீ வந்து சித்தப்பா யார் பேருல போடட்டும் என்றாய், எதையாச்சும் போட்டுத் தொலை, எனக்கு வேலை இருக்கு என்றேன். உன் பெயரில் போட்டாய். சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது, ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. அந்தக் கணக்கை மூடிவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. சித்தியின் எட்டு மாத உழைப்பு உள்ளே இருக்கிறது. அவள் என்னைத் திட்டக்கூட இல்லை, நேற்றிலிருந்து தரையில் காகிதத்தை விரித்து மண்டியிட்டு முதல் பேட்டர்னிலிருந்து கையால் வரைகிறாள். திட்டியிருந்தால் தேவலை.

இன்னொன்று. நாலு மாதம் முன்பு நீ எலெக்ட்ரானிக்ஸை விட்டுவிட்டு பொம்மைப்படம் வரைகிற படிப்புக்குப் போகிறேன் என்றபோது, இனிமே எதுக்கும் என்கிட்ட வராதே என்று போனில் கத்தினேன். நீ வரவில்லை. நான் வந்திருக்கிறேன், எழுத்தில், தேதி போட்டு. சீட்டில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு, அதையும் நிரப்பிவிடுகிறேன். புது புராசஸரைப் பார்த்ததும் சித்தி கேட்டாள், கழுத்துக்கும் கைக்கும் அளவு போட எதுக்குங்க பன்னிரண்டு கோரு புராசஸரு? எதிர்காலத்துக்கு என்றேன். எதிர்காலம் எந்த வண்டியில வருது, டிக்கெட் போட்டாச்சா என்றாள். நான் எழுந்து திருகு தேடப் போய்விட்டேன். இருபத்தாறு வரை பொறுக்காததற்கும் அதுதான் காரணம், உனக்கு இருபதாம் தேதி லீவு விடுகிறார்கள், நீ வந்தால் பெட்டி தயாராக இருக்கட்டும் என்று பார்த்தேன்.

நன்றாக இரு, நினைத்ததை வரை, வெயிலில் தொப்பி போடு. எண்ணை சித்தியிடமே சொல், என்னிடம் பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இனி நான் செய்யப் போவது:

1. எண் வந்ததும் சித்தி தட்டுவாள். நான் தட்டினால் மூன்றாவது தொகுதியில் பொறுமை போய்விடும்.

2. அறுபத்தோரு பேட்டர்னையும் இரண்டு தனி டிஸ்க்கில் ஏற்றி, இரண்டு அறையில் வைப்பேன்.

3. எண் வராவிட்டால் நானும் தரையில் மண்டியிட்டுக் கோடு போடுவேன். சித்தி அளவு சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

4. மீதி இரண்டு திருகைத் தேடுவேன். ஒன்று பவர் சப்ளைக்குள் இருக்கலாம், ஆட்டினால் சத்தம் வருகிறது.

5. போனில் கத்தினதை வாபஸ் வாங்குகிறேன். இது செய்யப் போவது அல்ல, செய்தாயிற்று.

6. படம் வரைகிறவர்களுக்கென்று தனி கார்டு போடுவார்களாம். அதற்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. நீ வந்து சொல், போடலாம்.

உன்
சித்தப்பா