உனக்காக வந்த ஆர்டர்

அக்கா, இன்று காலை ஒரு அம்மா பட்டறைக்கு வந்து உனக்குக் கல்லறைக் கல் ஆர்டர் சொன்னார். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆயிற்று. இரண்டிலும் உன் தலைமாட்டில் நனைந்துகொண்டு நின்றது, அடக்கத்தன்று நான் அவசரத்துக்கு அடித்துவைத்த மரச்சிலுவைதான். தாத்தா காலத்திலிருந்து பர்மாவில் இந்தப் போட்டாதாங்கில் கல்லறைக் கல் வெட்டுகிற வீடு நம்முடையது. உனக்கு ஒரு கல் போட வெளியாள் வரவேண்டியதாகிவிட்டது.

அந்த அம்மாவை உனக்குத் தெரியாது. பெயர் ஸ்டெல்லா. உனக்குப் பிறகு தவறிய அவர் கணவரை உன் பக்கத்துக் குழியில்தான் அடக்கினார்கள்.

இன்று அவர் உள்ளே வந்தபோது நான் கட்டரில் தண்ணீர் விட்டு ஒரு பலகையை அறுத்துக்கொண்டிருந்தேன். ஈரக் கல்தூள் வாசனை எழுந்தால் இன்னும் உன் மூலையைத்தான் திரும்பிப் பார்க்கிறேன். நீ எழுத்துப் போடுவாய், நான் வெட்டுவேன். அப்பாவுக்குப் பிறகு பட்டறை அப்படித்தான் ஓடியது. தமிழ், பர்மா, இங்கிலீஷ் மூன்றும் உன் கைக்கு அடங்கியிருந்தன. கல்லின் மேல் முழங்கால் போட்டு உட்கார்ந்து எழுதுவாய். நான் வாங்கிவந்து வைத்த லபெயே டீ ஆறி ஆடை கட்டும்வரை நிமிரமாட்டாய். நான் பர்மாப் பள்ளியில் படித்தவன். உன் கோட்டின்மேல் உளியை ஓட்டத் தெரியுமே தவிர, தமிழில் நாலு எழுத்து நேராக எழுத வராது. "உளி பிடிக்கத் தெரியுதுல்ல, அது போதும். எழுத்துக்கு நான் இருக்கேன்டா" என்பாய்.

இப்போது எழுத்தைக் கம்ப்யூட்டர் கடையில் ஸ்டிக்கராக வெட்டி வாங்கி, கல்லில் ஒட்டி, அதன்மேல் வெட்டுகிறேன். வருகிறவர்கள் சுத்தமாக இருக்கிறது என்கிறார்கள். உன் தலைமாட்டில் அதை வைக்க மனம் வரவில்லை, எழுதப் பழகி நானே எழுதுகிறேன் என்று தள்ளிப்போட்டேன். அது உண்மைதான், முழு உண்மை இல்லை. கூலி கொடுத்தவர்கள் வாசலில் வந்து நின்று அவசரப்படுத்தினார்கள். நீ வந்து நிற்கவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

உனக்கென்று ஒரு வெள்ளைப் பலகை எடுத்துவைத்திருந்தேன். ஓரத்தில் மட்டும் லேசாகச் சாம்பல் நிறம் ஓடும். மாண்டலே பக்கமிருந்து லாரிகள் ஒழுங்காக வராத சமயத்தில் கிடைத்தது. அப்போதுதான் கணவரின் கல் கல்லறைத் திருநாளுக்குள் வேண்டும் என்று ஸ்டெல்லா அம்மா வந்து கண் கலங்கினார். "நம்ம வீட்டுக் கல்லு எங்க ஓடிடப்போகுது, வந்தவங்களுக்கு முதல்ல முடிச்சு அனுப்புடா" என்று அப்பாவின் கல் தள்ளிப்போனபோது நீ சொன்னது எனக்கு வசதியாக ஞாபகம் வந்தது. உன் பலகையை அவர் கணவருக்கு வெட்டிக் கொடுத்துவிட்டேன். அப்பாவின் கல்லை அடுத்த மாதமே நீ முடித்துவிட்டாய் என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை.

அதை நடுவதற்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா அம்மா உன் சிலுவையைப் பார்த்தபடி நின்றார். பெயிண்ட் மழையில் கரைந்து பெயரே தெரியவில்லை.

"இது யாரு தம்பி? சொந்தக்காரங்க யாரும் இல்லையா?"

"தெரியல ஆன்ட்டி" என்றேன்.

உன் காலடியில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன், அக்கா. சொந்த அக்காவுக்குக் கல் போடாதவனிடம் யார் வந்து கல் சொல்வார்கள் என்ற பயம். கரண்டியைக் கழுவிக்கொண்டு, உன் பக்கம் திரும்பாமல் வந்துவிட்டேன்.

கல்லறைத் திருநாளுக்கும் நான் வரவில்லை. வந்தால் உன் பக்கத்தில் நிற்கவேண்டும், அந்த அம்மா பார்த்துவிடுவார். ஊரே மெழுகுவத்தியும் பூவுமாகக் கிளம்பிப் போன அன்று நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பட்டறையில் படுத்துக்கிடந்தேன்.

இன்று காலை நான் கட்டரை நிறுத்தியதும் அவர் முக்காலியில் உட்கார்ந்து நேராக விஷயத்துக்கு வந்தார். "கல்லறைத் திருநாள் அன்னைக்குப் பூரா அந்தப் பக்கத்துக் கல்லறைக்கு ஒருத்தரும் வரல தம்பி. எங்க வீட்டுக்காரருக்குக் கொண்டுபோன மெழுகுவத்தியில ஒண்ண அங்க ஏத்திவச்சேன். வீட்டுக்கு வந்தும் மனசு கேக்கல. சின்னதா ஒரு கல்லு போட்டுடுங்க, நான் தர்றேன். பேரு கல்லறை ஆபீஸ்ல கேட்டா சொல்லுவாங்க."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டேன். "பேரு எனக்குத் தெரியும் ஆன்ட்டி" என்று உன் பெயரைச் சொன்னேன். அடக்கத்துக்குப் பிறகு அதை வாய்விட்டுச் சொன்னது இன்றுதான்.

"அன்னைக்குத் தெரியலன்னீங்களே."

"எங்க அக்கா."

அவர் சுவரோரம் சாத்தியிருந்த மற்றவர்களின் கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். திட்டியிருந்தால் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பேன்.

"எங்க வீட்டுக்காரர் கல்ல எத்தன நாள்ல முடிச்சீங்க?"

"ரெண்டு வாரம்."

"அப்ப இதுக்கும் ரெண்டு வாரம். நான் வந்து பாப்பேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

மதியத்துக்குள் ஒரு பலகையைத் தேய்த்து எடுத்துவிட்டேன். உன்னுடையதைப் போல வெள்ளை இல்லை, கொஞ்சம் மங்கல். கம்ப்யூட்டர் கடைக்குப் போகவில்லை. உன் பென்சிலால் உன் பெயரை எழுதுகிறேன், அழிக்கிறேன், மறுபடி எழுதுகிறேன். முதல் எழுத்து இடப்பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது. நீ பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வாய். இருக்கட்டும், அதன்மேல்தான் உளி வைக்கப்போகிறேன்.

இத்தனை நாள் உனக்காக என்று அசையாத கை, இன்று ஒரே மதியத்தில் இவ்வளவு வேலை செய்திருக்கிறது. அந்த அம்மா வந்து பார்ப்பார் என்ற பயத்தில்தான் செய்கிறது. கல் நின்ற பிறகும் இந்த வெட்கம் எனக்குப் போகாது, அக்கா.