வெள்ளி ஆம்ப், கறுப்பு ஆம்ப்

ஜூன் 6, சனி

காலையில் மழை. பதினோரு மணிக்கு ஸ்பீக்கர்கள் வந்தன. தூக்கி வந்த இருவரும் பெட்டிகளும் ஏறியதும் லிஃப்டில் எனக்கு இடமில்லை. எட்டு மாடி படியேறினேன்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆனதற்கு நானும் சேவியரும் (இனி சே.) எங்களுக்கே வாங்கிக்கொண்ட பரிசு. என் இடுப்பு உயரம். வால்நட் மரம். ஹாலில் பாதி போச்சு.

சே. தன் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரில், அதாவது ஆம்ப்பில், இணைத்தார். முதலில் ஒரு பெண் குரல். சோஃபாவில் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி. கதகதப்பான ஒலி என்று கடையில் சொன்னார்களே, இதுதான் போல. ஆனால் பேஸ், அந்த அடி ஒலி, சரியில்லை. அடித்து முடித்த பிறகும் தபேலா ஹாலுக்குள் உலாவிக்கொண்டே இருந்தது.

சே.க்கு வேறு குறை. மூடி போட்ட மாதிரி இருக்கிறதாம், ஜால்ராவே கேட்கவில்லையாம். எனக்கு நன்றாகவே கேட்டது. சொன்னேன். புது சாமான் மேல் ஆசை, அதனால் அப்படித் தோன்றுகிறது என்றார்.

வாங்க: வெங்காயம், சோப்பு, ஸ்பீக்கர் அடியில் வைக்க ஃபெல்ட் துண்டு.

ஜூன் 7, ஞாயிறு

வெயில். ஒன்பது மணிப் பூசை. கொயரை, பூசையில் பாடுகிற குழுவை, நடத்துவது சே.தான், ஒன்பது வருஷமாக. பூசை முடிந்து நேராக லிட்டில் இந்தியா. தோசை, காப்பி, பிறகு பஷீர் பாய் கடை. நகைக்கடைக்கு மேல் மாடி, சுவர் முழுக்க ஆம்ப்புகள். சே.க்கு வால்வு ஆம்ப்பை விற்றவரும் அவர்தான்.

ஸ்பீக்கர் பெயரைக் கேட்டதும் சிரித்தார். “உங்க ஆம்ப் நல்ல ஆம்ப்தான் அண்ணே. ஆனா சைக்கிள்காரர லாரி இழுக்கச் சொல்றீங்க.” இந்த ஸ்பீக்கருக்கு நிறைய கரண்ட் வேண்டுமாம். தெம்பில்லாத ஆம்ப்பால் பேஸைப் பிடித்து நிறுத்த முடியாதாம்.

வீட்டில் போட்டுக் கேட்டுப் பார்க்க இரண்டு ஆம்ப் கொடுத்தார். ஒன்று வெள்ளி, ஒன்று கறுப்பு. கறுப்புக்கு ஒரு அரிசி மூட்டை கனம். டாக்சி.

ஜூன் 9, செவ்வாய்

வேலை முடிந்து வந்ததும் சோதனை.

வெள்ளி: சே. முகமே மலர்ந்துவிட்டது. இப்போதுதான் ஜன்னல் திறந்தது என்றார். எனக்கு ஒவ்வொரு ‘ச’வும் காதில் ஊசி. பத்து நிமிஷம் தாங்கினேன். அப்புறம் பீன்ஸ் நறுக்கப் போய்விட்டேன்.

கறுப்பு: தபேலா அடித்த இடத்தில் நின்றது. குரலில் அதே கதகதப்பு. கத்தியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். சே. மட்டும் இல்லை என்று தலையாட்டினார். மறுபடி மூடியாம்.

இந்த வீட்டை வாங்கும்போதுகூட நாங்கள் இவ்வளவு வாதாடவில்லை. சாப்பாடு ஆறிப் போச்சு. இரண்டு பேருக்கும் சிரிப்பு வேறு.

ஜூன் 13, சனி

தீர்ப்புக்குப் பாயிடம் போனோம். அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரு டெஸ்ட் டிஸ்க் போட்டார். ஒரே ஒரு ஸ்வரம், கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டே போகும். கேட்கிற வரைக்கும் கை தூக்கியிருக்க வேண்டும். மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தூக்கினோம்.

முதலில் இறங்கியது சே. கை. வலிக்கிறது போல என்று நினைத்தேன். சத்தம் கொசு மாதிரி ஏறிக்கொண்டே போனது. பாய்க்கு அறுபதுக்கு மேல், அவர் கையே இன்னும் மேலேதான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் இறக்கினார். அதற்கும் அப்புறம் நான்.

பாய் டிஸ்க்கை நிறுத்தினார்.

“அண்ணே, ஆம்ப் ரெண்டும் வீட்லயே இருக்கட்டும். மொதல்ல காத டெஸ்ட் பண்ணிடுங்க லா.”

டிஸ்க்தான் கெட்டுப் போயிருக்கும் என்று சே. சிரித்தார். ரயிலில் சிரிப்பில்லை. பாதி தூரத்தில் என் பக்கம் திரும்பினார்.

“கொயர்ல யார்கிட்டயும் சொல்லாத, ரீட்டா. ஒம்பது வருஷமா அவங்கள சுருதி சரியில்லன்னு சொல்லிட்டிருக்கேன்.”

கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் புக்கிட் பாஞ்சாங்தான் கடைசி ஸ்டேஷன். எல்லோரும் இறங்கின பிறகுதான் எழுந்தோம்.

ஜூன் 16, செவ்வாய்

மூன்று நாளாக ஹாலில் பாட்டு இல்லை. ஸ்பீக்கர் மேல் துண்டு காய்கிறது. நான்தான் போட்டேன், திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை.

மேசையில் பங்குச் சாமியாருக்கு எழுதிய கடிதம். கொயரிலிருந்து விலகுகிறாராம். டெஸ்ட் முடியட்டும், அதுவரை கொடுக்கக் கூடாது என்றேன். சரி என்றார். எனக்கே ஆச்சரியம்.

பால் தீர்ந்துவிட்டது.

ஜூன் 19, வெள்ளி

அரை நாள் லீவு. கிளினிக். கண்ணாடி அறைக்குள் சே., வெளியே நான், செபமாலையோடு.

தாளில் ஒரு கோடு. பாதி வரை நேராகப் போய் அப்புறம் சறுக்குமரம். தாழ்ந்த ஸ்வரங்கள் நன்றாகக் கேட்கின்றன, மேலே போகப் போக இல்லை. எங்கே வேலை என்று கேட்டார் டாக்டரம்மா. துவாஸ் கப்பல் பட்டறை. முதல் பத்து வருஷம் கிரைண்டிங் சத்தத்துக்கு நடுவில். காதடைப்பான் கொடுத்தார்கள், சட்டைப் பையில் இருந்தது என்றார் சே.

போனது திரும்பாதாம். காதில் கருவி வைத்தால் நன்றாகவே கேட்கும். பாடுகிற குரலின் சுருதி பிடிக்க அவருக்கு மிச்சமிருப்பதே போதும், கொயரை விட வேண்டியதில்லை. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் சே. இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

கீழே ஃபுட் கோர்ட்டில் இரண்டு தட்டு மீ கோரெங் சாப்பிட்டார். கடிதம் பற்றி நான் கேட்கவில்லை. வீட்டுக் குப்பைக்கூடையில் இருந்தது, நான்காகக் கிழித்து.

ஜூன் 28, ஞாயிறு

மேகமூட்டம். பயிற்சிக்கு முன்னால் கொயரில் சே. தன் காது விஷயத்தைத் தானே சொல்லிவிட்டார். பின்வரிசையில் தன்னுடைய கருவியைக் காட்ட ஒருவர் எழுந்தார், இன்னொருவரும் எழுந்தார். இரண்டு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் கருவி இன்னொருவருக்குத் தெரியாது. அப்புறம் பயிற்சி எங்கே நடந்தது.

ஜூலை 4, சனி

கருவி வந்தாச்சு. அவரைக்கொட்டை அளவு. போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்தார். துண்டை எடுத்தேன்.

முதலில் வெள்ளி. பத்து வினாடி. கையைத் தூக்கினார். “நிறுத்து. இதப் போய் பத்து நிமிஷம் எப்படித் தாங்குன?”

பிறகு கறுப்பு. குரல், தபேலா, ஓரமாக ஜால்ரா. பாட்டு முடிகிற வரைக்கும் கேட்டார். அதையே மறுபடி போட்டார். மூன்றாம் தடவையும்.

பாய்க்குச் செய்தி அனுப்பினேன்: கறுப்பு எங்களுக்கு, வெள்ளி திங்கட்கிழமை திரும்பி வரும்.

ஒரு மணிக்குச் சாப்பிட வரச் சொல்லி அடுப்படியிலிருந்து கூப்பிட்டேன், எப்போதும் கூப்பிடுகிற மாதிரிதான். வாசலில் வந்து நின்றார், ஒரு காதைப் பொத்திக்கொண்டு.

“ரீட்டா, மெதுவாவே கூப்பிடு. கேக்குது.”