உன் வேலையின் பெயர்

மணிமொழிக்கு,

நீ அம்மா வீட்டுக்குப் போய்ப் பத்து நாளாகிறது. சௌக்கியமா என்று கேட்கக் கூசுகிறது.

அடையாறில் உன் மசாஜ் நிலையத்தில் போலீஸ் சோதனை நடந்த அன்று ஸ்டேஷனிலிருந்து எனக்குப் போன் வந்தது. “உன் சம்சாரம் இன்னா வேலை செய்யுது?” பக்கவாதம் வந்தவர்களின் கைகால்களுக்கு மசாஜ் செய்கிறாய் என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் என் முதலாளி நின்றிருந்தார். “தெரியாது சார்” என்றேன். டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு மாலைவரை ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்த உன்னிடம் அதைச் சொல்லிச் சிரித்தார்களாம்.

உங்கள் தொழிலையும் மருத்துவத் தொழிலாகச் சட்டம் ஏற்க வேண்டும் என்று நேற்று உன் தோழிகள் மனு கொடுக்கப் போனார்கள். நானும் போனேன். “நீங்க யாரு?” என்றாள் ஒருத்தி.

“மணிமொழி வீட்டுக்காரன். அது மசாஜ் தெரபிஸ்ட்” என்று எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன். கேட்க நீதான் அங்கே இல்லை.

இப்படிக்கு,
தெரியாது என்றவன்