மூன்று பேசின்கள்

வெள்ளி. என் வீட்டுக்காரர் மௌத்தாகி இருபத்திரண்டாம் நாள்.

இன்று மூன்று பேர் தங்கள் தோணி எஞ்சின்களை எடுக்க வந்தார்கள். மூன்றையும் கழற்றிப் போட்டபடிதான் அவர் கண்ணை மூடிவிட்டார். இந்த வேலையை அவருக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. எங்கள் எஞ்சினைத் தானே கழற்றிப் பூட்டிப் பழகினார். பிறகு கற்பிட்டியில் யாருடையது நின்றாலும் எங்கள் முற்றத்துக்குத்தான் வரும். திருத்தி முடியும்வரை எங்களுடையதை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு இவர் கரையில் இருப்பார்.

ஒவ்வொரு பிளாஸ்டிக் பேசினிலும் ஒரு எஞ்சினின் சாமான். மண்ணெண்ணெயில் கழுவிப் பிரித்து வைத்தது நான். மூன்றும் ஒரே வகைதான், ஆனால் தேய்ந்த சாமான் தன் எஞ்சினில் மட்டுமே பொருந்தும். இத்தாவில் இருப்பதால், இந்த நான்கு மாதமும் பத்து நாளும் பிற ஆண்கள் முன் வரக்கூடாது; திரைக்குப் பின்னால் நின்று சொன்னேன்.

"நீலப் பேசின்ல ஈக்கிறது சலீம் தம்பிட சாமான். கலந்திராதீங்க."

"நீங்க மனசப் போட்டு கொழப்பிக்காதீங்க ராத்தா," என்றார் சலீம். நல்ல மனிதர்தான். "சிலாபத்துல எஞ்சின் திருத்துற ஒரு பாஸ் ஈக்கிறாரு. அவர் பாத்துக்கொள்ளுவார்."

எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டும் சத்தம் கேட்டது.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு சலீம் போன் எடுத்தார். எது எதனுடையது என்று அந்த மெக்கானிக்குக்குப் பிடிபடவில்லையாம். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வந்துவிட்டார்களாம். நாளைக்கும் மூன்று வீட்டிலும் கடல்தொழில் இல்லை.

இன்னொரு தரம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பூட்டும்போது அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, "இது ஆர்ட சாமான்?" என்று கேட்பார். நான் பேரைச் சொன்ன பிறகுதான் பூட்டுவார்.