சக்கரத்தில் ஒட்டியிருந்த தாள்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா சொல்லச் சொல்ல மாடி வீட்டு டீச்சர் எழுதுவது. முட்டிவலி தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் பாதி மருந்து. ஆற்றுப் பாலம் இடிந்து லாரியெல்லாம் நம் தெரு வழியாய்ப் போன வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும், நீ மூன்றாம் வகுப்பு, உன் அம்மா கண்ணாடி போட்டது, தபால்காரர் சைக்கிளை விட்டு மோட்டார் சைக்கிளுக்கு மாறினது எல்லாம் அந்த வருஷம்தான். அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், போனில் வாய் வரவில்லை. முதலில் நீ கேட்டது.

உன் காருக்கு எது மாட்டலாம் என்று நீ அனுப்பின சக்கரம் படம் மூன்றையும் டீச்சர் போனில் பெரிசாக்கிக் காட்டினார். ரெண்டு கதவு வண்டி அழகாய்த்தான் இருக்கிறது, தரையோடு தவழ்கிறது, மாப்பிள்ளை அதில் ஏறி இறங்குவதற்குள் இடுப்பு கழன்றுவிடும் என்று டீச்சர் சொல்கிறார், நான் சொல்லவில்லை. நீ வேலைக்குப் போகிற வழியெல்லாம் குண்டும் குழியும் என்கிறாய், அதனால் கறுப்பாய்க் குச்சி குச்சியாய் இருக்கிற அந்தப் பத்தொன்பது இஞ்சு வேண்டாம். சக்கரம் பெரிசானால் டயர் ஒல்லியாகும், குழியில் விழுகிற அடியை வாங்க நடுவில் ரப்பர் இருக்காது. பதினேழு போதும், தடித்த அஞ்சு கை வைத்தது, டயரின் பக்கம் நாலு விரல் உயரமாவது இருக்கட்டும், உள்ளே பிரேக்கில் தட்டாமல் சுற்றுகிறதா என்று கையால் சுற்றிப் பார். பின்பக்கம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அச்சுப் போட்டிருக்கும். கடைக்காரர் படித்துச் சொன்னால் போதாது, நீயே படி.

ஏன் சொல்கிறேன் என்றால், பாலம் இடிந்த அந்த வருஷம்தான் உன் அண்ணனுக்கு முதல் வேலை கிடைத்தது. அவன் பஸ்ஸில் வேலைக்குப் போயிருந்தான், அவனுடைய பழைய ஸ்போர்ட்ஸ் வண்டி நம் டயர் கடையில் நின்றது. மூடப்போகிற கடை ஒன்றின் கண்ணாடி ஜன்னலில் இருந்த நாலு சக்கரத்தை அவனுக்குத் தெரியாமல் நான்தான் வாங்கி வந்தேன். தூக்கினால் பூ மாதிரி இருந்தது. லேசான சக்கரம்தான் உசத்தி என்று தொழிலில் எல்லோரும் சொல்வது, எனக்கும் அதே நினைப்பு. ஒவ்வொன்றின் உள்பக்கமும் சிவப்பு எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. விளம்பரம் என்று நினைத்தேன். எதிர்க்கடை பெயின்டர் வாசலிலேயே நம்பர் பலகை எழுதிக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கடைக்கு வந்தவர்கள் முன்னால் எழுத்துத் தெரியாது என்று காட்டிக்கொள்ள வெட்கம். மண்ணெண்ணெய் தொட்டு நாலையும் உரித்தேன். ஒரு தாள் மட்டும் கிழியாமல் வந்தது, அதை டிராயரில் போட்டேன். சாயங்காலம் அண்ணன் வந்து பார்த்து, ரோடே வெட்கப்படும்ப்பா என்று சிரித்தான். உன்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டான், பக்கத்துப் பட்டறை வெல்டர் முன்னால் உட்கார்ந்தார். லாரி தோண்டின குழியில் முன்சக்கரம் ஓடு மாதிரி உடைந்தது. தெருவே ரோட்டைத் திட்டியது, நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். அண்ணனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்தத் தாளைப் பெயின்டரிடம் கொடுத்தேன். காட்சிக்கு மட்டும், ஓட்டுவதற்கு அல்ல என்று படித்தார். என் முகத்தைப் பார்த்தார். இது எங்கேண்ணே கிடைச்சுது என்றார். கீழே கிடந்துச்சுப்பா என்றேன். அப்புறம் ஒருநாளும் அவர் கேட்கவில்லை.

இந்த இடத்தில் டீச்சர் பேனாவை வைத்துவிட்டார். இதை எழுதத்தான் வேணுமா என்கிறார். எழுதுங்கம்மா, படத்துக்குப் பதில் சொல்லவா உங்களை மாடியிலிருந்து இறக்கினேன் என்றேன். வேகமாப் போ அண்ணா என்று நீ பின்னால் இருந்து கத்தினாயாம், அதனால்தான் அவன் போனான் என்று அம்மா மடியில் அழுதாயாம், நீ வீட்டுப் பக்கம் வராததும் அதனால்தானாம். உன் அம்மா படுக்கையில் இருக்கும்போதுதான் சொன்னாள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை பாப்பா. எட்டு வயசுப் பிள்ளை கத்தினதற்கு உடைகிற சக்கரம் உலகத்தில் கிடையாது. தாளை உரித்தது என் கை. மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன், இத்தனை வருஷம் உன் மேல் நீ போட்டுக்கொண்டதை எடுத்து என் மேல் போடு, போதும். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன், நீயே படித்துக்கொள்.

நீயும் மாப்பிள்ளையும் நிறைந்த ஆயுசோடு நன்றாயிருங்கள். புதுச் சக்கரம் மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடினதும் நட்டெல்லாம் மறுபடி இறுக்கச் சொல், மறந்துவிடாதே. பெயின்டர் போய் ஏழு வருஷம். வெல்டரைப் போன மாதம்தான் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம். அன்று அந்த வண்டியில் ஏறின மூன்று பேரில் இனி நீ ஒருத்திதான்.

இப்படிக்கு, கீழே இருக்கிற பெருவிரல் ரேகைக்காரன்,
உன் அப்பா.